பீரங்கிக் குண்டுகளை விழுங்கிய மண் சுவர்: பரத்பூர் கோட்டை எழுந்ததும் வீழ்ந்ததும்

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள லோகாகர் கோட்டையின் பெயருக்கு 'இரும்புக் கோட்டை' என்பது பொருள். ஆனால், 1805-ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படையைத் தடுத்து நிறுத்தியது இரும்பன்று, மண். போர்க்கருவிகள் மாறும்போது கட்டடக் கலையும் எவ்வாறு மாறுகிறது என்பதற்கு இக்கோட்டை சிறந்த சான்றாகும்.

மண் ஏன்?

உயர்ந்த கருங்கல் மதில்கள் அம்புக்கும் ஏணிக்கும் எதிராக எழுப்பப்பட்டவை. பீரங்கியின் இரும்புக் குண்டு தாக்கினால் கல் பிளந்து சரியும். தடித்த மண் சுவரோ குண்டின் விசையை உள்வாங்கி, அதைத் தன்னுள்ளேயே புதைத்துக்கொள்ளும். இதை உணர்ந்த ஜாட் மன்னர் சூரஜ்மல், 18-ஆம் நூற்றாண்டில் அகன்ற மண் அரண்களையும் ஆழமான அகழியையும் அமைத்தார்.

நான்கு தாக்குதல்கள், நான்கு தோல்விகள்

மராட்டியத் தலைவர் யஷ்வந்த்ராவ் ஹோல்கருக்கு மன்னர் ரஞ்சித் சிங் அடைக்கலம் அளித்ததால், 1805 ஜனவரியில் தளபதி லேக் பிரபு கோட்டையை முற்றுகையிட்டார். பிப்ரவரி வரை நான்கு முறை தாக்கியும் அவரால் உள்ளே நுழைய இயலவில்லை. ஆங்கிலேயத் தரப்பில் 3,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காயமடைந்தனர். ஏப்ரலில் உடன்படிக்கை கையெழுத்தானது.

வீழ்ந்தது எப்படி?

அரியணைப் பூசலில் தலையிட்ட ஆங்கிலேயர், 1825 டிசம்பரில் கோம்பர்மியர் பிரபு தலைமையில் மீண்டும் வந்தனர். இம்முறை, அகழிக்கு நீர் வழங்கும் ஏரியின் கரையை முதலில் கைப்பற்றினர். அகழியை நிரப்ப வழியில்லாமல் போனது. பீரங்கிகளால் மண் சுவரைப் போதிய அளவு பிளக்க முடியாததால், அதன் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்தை நிரப்பினர். 1826 ஜனவரி 18-ஆம் தேதி அது வெடித்தது. அரண் சரிந்த வழியே படைகள் நுழைந்தன. கோட்டையைக் காத்தவர்களில் பல ஆயிரம் பேர் மாண்டனர். பின்னர் முக்கியக் கொத்தளங்களும் தகர்க்கப்பட்டன.

எஞ்சியிருப்பவை

1805 வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்ட ஃபதே புர்ஜ், அகழி, ஜவாஹர் புர்ஜ் ஆகியவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பீரங்கியை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட அரண், பீரங்கியிடம் தோற்கவில்லை. நிலத்தடியிலிருந்து வந்த வெடியிடமே தோற்றது.