டொமினியன் - தொடக்கநிலை உத்திகள்

டொமினியன் என்பது அமெரிக்கரான டொனால்ட் எக்ஸ். வக்காரினோ வடிவமைத்து, 2008 ஆம் ஆண்டு ரியோ கிராண்டே கேம்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்ட ஒரு சீட்டாட்டம் ஆகும். 2 முதல் 4 பேர் வரை ஆடலாம். ஒவ்வொருவரும் ஆட்டத்தின் போக்கிலேயே தமக்கென ஒரு சீட்டுக்கட்டை உருவாக்கிக்கொள்வது இதன் தனித்தன்மை. 1993 இல் வெளிவந்த மேஜிக்: த கேதரிங் போன்ற ஆட்டங்களில் கட்டை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு வரவேண்டும், டொமினியனில் கட்டைத் தயாரிப்பதுதான் ஆட்டமே. கட்டு உருவாக்கும் ஆட்டங்கள் என்னும் வகை இதிலிருந்தே பரவியது. 2009 இல் செருமனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது இதற்கு வழங்கப்பட்டது.

விதிகளைக் கற்கச் சில நிமிடங்களே போதும். ஆயினும் புதிதாக ஆடுபவர்கள் தொடர்ந்து தோற்பது வழக்கம். பார்ப்பதற்கு நன்றாக உள்ள சீட்டுகளை எல்லாம் வாங்கிச் சேர்ப்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

ஆட்ட முறை

ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் 7 செம்பும் 3 பண்ணைகளும் ஆகப் பத்துச் சீட்டுகள் இருக்கும். எஸ்டேட், டச்சி, ப்ராவின்ஸ் எனச் சீட்டுகளில் பொறிக்கப்பட்டுள்ளவை இக்கட்டுரையில் முறையே பண்ணை, சிற்றரசு, மாகாணம் எனப்படுகின்றன. பிற சீட்டுகளின் பெயர்களும் இவ்வாறே தமிழில் தரப்படுகின்றன. கட்டைக் கலைத்து ஐந்து சீட்டுகளைக் கையில் எடுக்கவேண்டும். தமது முறை வரும்போது ஒரு செயல் சீட்டை இறக்கலாம். பின்னர் ஒரு சீட்டை விலைக்கு வாங்கலாம். வாங்கிய சீட்டும், இறக்கிய சீட்டுகளும், கையில் எஞ்சியவையும் கழிவுக் குவியலுக்குச் செல்லும். அதன்பின் புதிதாக ஐந்து சீட்டுகள் எடுக்கப்படும். கட்டு தீர்ந்ததும் கழிவுக் குவியலைக் கலைத்து மீண்டும் கட்டாக்குவர். எனவே வாங்கிய சீட்டு அடுத்த கலைப்பிற்குப் பின்னரே பயன் தரும்.

பணச் சீட்டுகளில் செம்பு 1, வெள்ளி 2, தங்கம் 3 காசு மதிப்புடையவை. இவற்றின் விலை முறையே 0, 3, 6. பண்ணைக்கு விலை 2, புள்ளி 1. சிற்றரசுக்கு விலை 5, புள்ளி 3. மாகாணத்துக்கு விலை 8, புள்ளி 6. இவற்றுடன் பத்து வகைச் செயல் சீட்டுகளும் நடுவில் அடுக்கப்படும். 2016 இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவ்வகைகள் மொத்தம் 26 உள்ளன. இவற்றிலிருந்து பத்தைத் தெரிவுசெய்ய 53 இலட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் உள்ளமையால் ஓர் ஆட்டம் போல் மற்றொன்று அமைவதில்லை. மாகாணக் குவியல் தீர்ந்தாலோ, வேறு ஏதேனும் மூன்று குவியல்கள் தீர்ந்தாலோ ஆட்டம் முடியும். புள்ளி மிகுந்தவர் வெல்வார்.

புள்ளிச் சீட்டுகளுக்கு ஆட்டத்தின் நடுவே எந்தப் பயனும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வெற்றியைத் தரும் அதே சீட்டுகள்தாம் கையை அடைத்துக்கொண்டு நிற்பவையும்.

ஐந்து சீட்டுக் கணக்கு

மாகாணம் வாங்க 8 காசு வேண்டும்; கையில் இருப்பவை ஐந்து சீட்டுகள். ஆகவே ஒரு சீட்டுக்குச் சராசரி 1.6 காசு தேவை. தொடக்கக் கட்டின் சராசரியோ 0.7 மட்டுமே. இந்த இடைவெளியை எவ்வளவு விரைவில் கடப்பது என்பதே ஆட்டத்தின் முதற்பாதி முழுவதும் எதிர்கொள்ளவேண்டிய கேள்வி.

செம்பு இலவசம் என்பதால் அதைச் சேர்த்துக்கொண்டே போவது புதியவர்களின் பொதுவான தவறு. சராசரி ஒன்றைத் தாண்டியபின் ஒவ்வொரு செம்பும் அதைக் கீழே இழுக்கும். ஆட்டத் தொடக்கத்திலேயே பண்ணை வாங்குவது இதனினும் மோசமானது. கையில் இரண்டு காசே இருந்து, பயனுள்ள சீட்டு எதுவும் அவ்விலைக்கு இல்லையெனில், ஒன்றும் வாங்காமல் விடுவதே நல்லது.

முதல் இரண்டு முறைகளில் ஏழு செம்பும் கைக்கு வந்துவிடும். அவை 3-4 அல்லது 4-3 எனப் பிரிவதற்கான வாய்ப்பு ஆறில் ஐந்து. 5-2 அல்லது 2-5 எனப் பிரிவதற்கு ஆறில் ஒன்று. மூன்று காசு கிடைத்தால், வேறு திட்டம் இல்லாதவரை, வெள்ளி வாங்குவது பிழையாகாது. முதற்பதிப்பில் மரவெட்டி என்றொரு சீட்டு இருந்தது. வெள்ளியைப் போலவே விலை 3, தருவது 2 காசு, கூடுதலாக ஒரு கொள்முதல். ஆனால் அதை இறக்க ஒரு செயல் செலவாகும். வெள்ளிக்கு அது தேவையில்லை. இரண்டாம் பதிப்பில் நீக்கப்பட்ட ஆறு வகைகளுள் மரவெட்டியும் ஒன்று.

பெரும்பணம்

செயல் சீட்டுகளை முற்றிலும் தவிர்த்து, 3 முதல் 5 காசு வரை வெள்ளி, 6 அல்லது 7 காசுக்குத் தங்கம், 8 காசுக்கு மாகாணம் என வாங்கிச் செல்லும் முறை 'பெரும்பணம்' எனப்படுகிறது. இது சுவையற்ற ஆட்டம்தான். ஆயினும் செயல் சீட்டுகளைக் கண்டபடி குவிக்கும் ஒருவரை இம்முறை பெரும்பாலும் வென்றுவிடும். மூன்று சீட்டுகள் எடுக்க உதவும் கொல்லுப்பட்டறை ஒன்றோ இரண்டோ இதனுடன் சேர்ந்தால் இன்னும் வலுவாகும். புதியவர் தமது திட்டம் ஒவ்வொன்றையும் இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரும்பணத்தை விட விரைவாக மாகாணங்களைத் தராத திட்டத்தைக் கைவிடுவதே நலம்.

செயல்களின் மோதல்

ஒரு முறைக்கு ஒரு செயல் மட்டுமே உண்டு. குடிப்படை, கொல்லுப்பட்டறை போன்றவை இறக்கியதும் அச்செயலைத் தீர்த்துவிடும். இத்தகைய இரண்டு சீட்டுகள் ஒரே கையில் வந்தால் ஒன்று வீணாகும். முதல் இரண்டு முறைகளில் செயலைத் தீர்க்கும் இரண்டு சீட்டுகளை வாங்கியவரின் கட்டில் 12 சீட்டுகள் இருக்கும். அவ்விரண்டும் மூன்றாம் முறையிலோ நான்காம் முறையிலோ ஒன்றாக வந்து மோதுவதற்கான வாய்ப்பு 33 இல் 10, அதாவது ஏறத்தாழ 30 விழுக்காடு.

கிராமச் சீட்டு ஒரு சீட்டையும் இரண்டு செயல்களையும் தந்து இம்மோதலைத் தீர்க்கிறது. ஆனால் கிராமம் தனியே எதையும் ஈட்டுவதில்லை. ஐந்து கிராமங்களை வைத்துக்கொண்டு இறக்குவதற்கு வேறு செயலின்றி விழிக்கும் நிலை தொடக்கநிலை ஆட்டங்களில் அடிக்கடி காணப்படுவது. ஆய்வுக்கூடம், சந்தை ஆகியன செலவிட்ட செயலைத் திருப்பித் தருவன. ஆதலால் இவற்றை அச்சமின்றிச் சேர்க்கலாம்.

களைதல்

இரண்டு காசு விலையுள்ள சிற்றாலயம் கையிலுள்ள நான்கு சீட்டுகள் வரை ஆட்டத்திலிருந்தே நீக்க வல்லது. முதல் பார்வையில் இது பயனற்றதாகத் தோன்றும். காசு கொடுத்து ஒரு சீட்டை வாங்கி, இருக்கும் காசையும் புள்ளியையும் அழிப்பானேன் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அடிப்படைப் பெட்டியிலுள்ள மிக வலிமையான சீட்டுகளுள் இது ஒன்றாகும்.

சிற்றாலயமும் ஒரு வெள்ளியும் வாங்கிய ஒருவர் மூன்று பண்ணைகளையும் நான்கு செம்புகளையும் நீக்கிவிட்டதாகக் கொள்வோம். மூன்று செம்பு, ஒரு வெள்ளி, சிற்றாலயம் என ஐந்தே சீட்டுகள் அவரிடம் எஞ்சும். முழுக் கட்டும் ஒவ்வொரு முறையும் கைக்கு வரும். தவறாமல் 5 காசு கிடைக்கும். தொடக்கக் கட்டின் சராசரி 3.5 காசுதான். மேலும், புதிதாக வாங்கும் எந்தச் சீட்டும் உடனுக்குடன் கைக்குத் திரும்பும். நீக்கும் முறைகளில் பெரும்பாலும் ஒன்றும் வாங்க இயலாது என்பது உண்மையே. அந்த இழப்புக்கு அஞ்சி அரைகுறையாகக் களைபவர்களுக்குச் சிற்றாலயம் உதவுவதில்லை.

சாபங்களும் தோட்டங்களும்

சூனியக்காரி இரண்டு சீட்டுகளைத் தருவதோடு எதிராளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சாபத்தையும் அளிக்கிறாள். சாபம் ஒரு புள்ளியைக் குறைப்பது சிறிய தீங்கு. கட்டில் இடத்தை அடைப்பதே பெரிய தீங்கு. அகழி இருந்தால் தடுக்கலாம், ஆனால் அது உரிய வேளையில் கையில் இருக்கவேண்டும். தாமும் சூனியக்காரியை விரைந்து வாங்கிச் சாபக் குவியலைப் பங்கிடுவதே பலமுறை சிறந்த காப்பாகிறது.

மேற்கூறிய அனைத்துக்கும் விலக்காக நிற்பது தோட்டச் சீட்டு. கட்டிலுள்ள பத்துச் சீட்டுக்கு ஒரு புள்ளி என அது தருவதால், 40 சீட்டுகள் உள்ள கட்டில் ஒவ்வொரு தோட்டமும் 4 புள்ளி பெறும். பணிமனைச் சீட்டும் உடனிருந்தால் தோட்டம், பணிமனை, பண்ணை ஆகிய மூன்று குவியல்களையும் தீர்த்து ஆட்டத்தை விரைவில் முடிக்கலாம். இங்கு இலவசச் செம்பும் வரவேற்கத்தக்கதே.

இறுதிக் கட்டம்

மாகாணக் குவியலில் நான்கோ ஐந்தோ எஞ்சும்போது 5 காசுக்குச் சிற்றரசு வாங்கத் தொடங்கலாம். கட்டு இன்னும் ஒருமுறை கலைக்கப்படுமா என்பதே ஐயமாக இருக்கையில், அது கையை அடைப்பதால் பெரிய கேடில்லை.

கடைசிக்கு முந்தைய மாகாணத்தை வாங்கும்போது எச்சரிக்கை தேவை. இருவர் ஆடும் ஆட்டத்தில் இரண்டு மாகாணங்கள் எஞ்ச, ஒருவர் 2 புள்ளி பின்தங்கியிருப்பதாகக் கொள்க. அவர் மாகாணம் வாங்கினால் 4 புள்ளி முந்துவார். எதிராளி கடைசி மாகாணத்தை வாங்கி 2 புள்ளியில் வென்றுவிடுவார். மாறாக அவர் சிற்றரசு வாங்கினால் 1 புள்ளி முந்துவார். இப்போது எதிராளி மாகாணம் வாங்கி 5 புள்ளி முந்தினாலும், கடைசி மாகாணம் இவருக்கே கிட்டக்கூடும். அப்போது வெற்றி 1 புள்ளியில் இவருடையது. புள்ளிகள் சமமாயின், குறைந்த முறைகள் ஆடியவரே வெல்வார்.

வகையின் பிற ஆட்டங்கள்

தண்டர்ஸ்டோன் (2009), அசென்ஷன் (2010), ஸ்டார் ரெல்ம்ஸ் (2014) முதலியவை டொமினியனைப் பின்பற்றி வந்தவை. அசென்ஷனிலும் ஸ்டார் ரெல்ம்ஸிலும் விற்பனைக்குள்ள சீட்டுகள் இடையறாது மாறுவதால் முன்கூட்டித் திட்டமிடுவதற்கு இடம் குறைவு. 2019 இல் முழுமையாக வெளிவந்த ஸ்லே த ஸ்பயர் என்னும் கணினி விளையாட்டு ஒருவர் மட்டும் ஆடக்கூடியது. அதிலும் பரிசாகக் கிடைக்கும் சீட்டை மறுப்பதும், தொடக்கச் சீட்டுகளைக் கடையில் காசு கொடுத்து நீக்குவதும் முதலில் கற்கவேண்டியவையாக உள்ளன.