முன்பெருக்கி

முன்பெருக்கி என்பது, ஒலியை ஏந்திவரும் வலிமை குன்றிய மின்னலைவுகளைத் திறன் பெருக்கி ஏற்கத்தக்க அளவுக்கு உயர்த்தித் தரும் மின்னணுக் கருவி ஆகும். இத்தகைய மின்னலைவு குறிகை எனப்படும். வீட்டு இசைத் தொகுதியில் முன்பெருக்கியானது இசைத்தட்டுச் சுழலி, குறுந்தட்டு இயக்கி, வானொலி முதலிய மூலங்களுக்கும் திறன் பெருக்கிக்கும் இடையே அமைகின்றது. மூலத்தைத் தேர்ந்தெடுத்தல், ஒலியளவைக் கட்டுப்படுத்தல், இருபுறமும் உள்ள கருவிகளை மின்னியல் வகையில் இணக்குதல் ஆகியனவும் இதன் பணிகளாகும்.

இக்கால மூலங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் பெருக்கம் தேவைப்படுவதில்லை. ஆகவே உயர்தர இசைத் தொகுதிக்குப் புதிய முன்பெருக்கி ஒன்றைத் தெரிவு செய்கையில், அது எவ்வளவு பெருக்குகின்றது என்பதைவிட, ஏற்கனவே உள்ள கருவிகளோடு எவ்வளவு பொருந்துகின்றது என்பதே முதன்மையானது. இசைத்தட்டு மட்டும் இதற்கு விலக்காகும்.

பெயர் விளக்கம்

தமிழில் ஒலிபெருக்கி என்னும் சொல் ஒலியை எழுப்பும் பெட்டியையே வழக்கில் குறிக்கின்றது. பெருக்கி என்பது மின்குறிகையைப் பெருக்கும் கருவி. முன்பெருக்கி, திறன் பெருக்கி, ஒலிபெருக்கி என்னும் மூன்றும் இவ்வரிசையிலேயே இணைக்கப்படுகின்றன. முன்பெருக்கி மின்னழுத்தத்தைக் கையாளுகின்றது. ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கத் தேவையான மின்னோட்டத்தைத் திறன் பெருக்கி வழங்குகின்றது. இவ்விரு பெருக்கிகளும் ஒரே பெட்டியில் அமைந்தால் அது ஒருங்கிணைந்த பெருக்கி எனப்படும்.

வரலாறு

1906 ஆம் ஆண்டில் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மூன்று மின்முனைகள் கொண்ட வெற்றிடக் குழாய், மின்குறிகைகளைப் பெருக்க வழி செய்தது. இதன் வழிவந்த குழாய்கள் இந்தியாவில் வால்வு என்றே வழங்கின. 1940களில் வீடுகளில் இருந்த ஐந்து வால்வு வானொலிப் பெட்டிகளில் தனி முன்பெருக்கி இல்லை. அலையிலிருந்து ஒலிக்குறிகையைப் பிரித்தெடுக்கும் வால்வின் உள்ளேயே முதல் ஒலிப் பெருக்க நிலையும் பொதுவாக அமைந்திருந்தது. அந்நிலையே அப்பெட்டியின் முன்பெருக்கி எனலாம்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழில் முன்னோடி ஜி. டி. நாயுடு (1893–1974), ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய் விலையில் இந்தியாவிலேயே செய்ய இயலும் என்று 1941 ஆம் ஆண்டில் அறிவித்தார். யு.எம்.எஸ். என்னும் பெயரில் வானொலிப் பெட்டிகள் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டன. 1954 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் வானொலி வால்வுகளைத் தயாரித்தது. அகில இந்திய வானொலியின் கோயம்புத்தூர் நிலையம் 1966 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேலைநாடுகளில் முன்பெருக்கி தனிக் கருவியாகப் பிரிந்தது. திறன் பெருக்கியின் பெரிய மின்மாற்றி உண்டாக்கும் காந்தப்புலம் மெல்லிய குறிகைகளில் உறுமலை ஏற்படுத்தும் என்பது இதற்கு ஒரு காரணம். அக்காலத்தில் ஒவ்வோர் இசைத்தட்டு நிறுவனமும் ஒவ்வொரு முறையில் ஒலியைப் பதிந்தது என்பது மற்றொரு காரணம். 1950களின் தொடக்கத்தில் சால் மரான்ட்ஸ் அமெரிக்காவில் உருவாக்கிய முன்பெருக்கியில், இசைத்தட்டுக்கு ஏற்பப் பல சமனாக்க நிலைகளைத் தெரிவு செய்யும் வசதி இருந்தது.

1947 ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட திரிதடையம், அதாவது டிரான்சிஸ்டர், பின்னர் வால்வுகளின் இடத்தைப் பெருமளவு பிடித்தது. 1982 ஆம் ஆண்டில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. குறுந்தட்டு இயக்கியின் உச்ச வெளியீடு ஏறத்தாழ 2 வோல்ட். பல திறன் பெருக்கிகளை முழுத்திறனில் இயக்க 1 முதல் 2 வோல்ட் போதுமானது. இதனால் முன்பெருக்கியின் பெயருக்குக் காரணமான பணியே பெரும்பாலும் தேவையற்றதாயிற்று.

இசைத்தட்டும் சமனாக்கமும்

இசைத்தட்டின் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜ், நகரும் காந்த வகை, நகரும் சுருள் வகை என இருவகைப்படும். முன்னதன் வெளியீடு ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட், பின்னதன் வெளியீடு பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட். இவற்றுக்கு முறையே ஏறத்தாழ 40 டெசிபெல், 60 டெசிபெல் பெருக்கம் தேவைப்படுகின்றது. 40 டெசிபெல் என்பது 100 மடங்கு, 60 டெசிபெல் என்பது 1000 மடங்கு மின்னழுத்தப் பெருக்கம் ஆகும். இதற்கான தனி நிலை ஃபோனோ நிலை எனப்படுகின்றது.

பதிவின்போது தாழ் அதிர்வெண்கள் குறைக்கப்பட்டு, உயர் அதிர்வெண்கள் மிகுக்கப்படுகின்றன. இதனால் பள்ளங்கள் ஒன்றோடொன்று மோதாமல் நெருங்கி அமையும். மேற்பரப்பு இரைச்சலும் குறையும். இசைக்கும்போது ஃபோனோ நிலை இதனை நேர்மாறாக மாற்றி மூல ஒலியை மீட்கின்றது. அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற்சங்கம் 1954 ஆம் ஆண்டில் ஏற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. வரைகோடு இதற்குப் பொது அளவாயிற்று. இதன்படி 1000 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டால், இசைக்கும்போது 20 ஹெர்ட்ஸில் 19.3 டெசிபெல் கூட்டப்படும். 20,000 ஹெர்ட்ஸில் 19.6 டெசிபெல் குறைக்கப்படும்.

பழைய தமிழ் இசைத்தட்டுகளைப் பேணுவோர்க்கு இது முக்கியமானது. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) முதலியோர் 1954க்கு முன் பாடிய நிமிடத்திற்கு 78 சுற்று இசைத்தட்டுகள் இவ்வரைகோட்டின்படி பதியப்பட்டவை அல்ல. அக்காலப் பதிவுகள் பலவற்றில் உயர் அதிர்வெண்கள் மிகுக்கப்படவில்லை, அல்லது சிறிதளவே மிகுக்கப்பட்டன. இன்றைய ஃபோனோ நிலையோ 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் குறைக்கின்றது. எனவே இதன்வழி இசைத்தால் குரலின் கூர்மை மங்கிவிடும். இவ்வாறு மங்கிய ஒலியே கணினியில் பதிந்து வைக்கப்பட்டால், பிற்காலத்தில் கேட்போர் அதனையே பாடகரின் குரல் எனக் கொள்ளக்கூடும். 78 சுற்று இசைத்தட்டுகள் வைத்திருப்போர், சமனாக்கத்தை மாற்றும் வசதியுள்ள ஃபோனோ நிலையைத் தெரிவு செய்தல் நன்று. இத்தட்டுகளின் அகன்ற பள்ளத்திற்கு ஏற்ற தனி ஊசியும் தேவை.

வகைகள்

* வால்வு முன்பெருக்கி: உள்ளே 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருத்தல் கூடும். நிறுத்திய பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் பயிற்சியற்றோர் திறத்தல் ஆகாது.
* திண்மநிலை முன்பெருக்கி: திரிதடையங்கள் அல்லது தொகுப்புச் சுற்றுகளால் ஆனது. குறைந்த வெளியீட்டு மின்மறுப்பும் குறைந்த இரைச்சலும் எளிதில் கிட்டும்.
* பெருக்கமற்ற முன்பெருக்கி: தேர்வு ஆளியும் ஒலியளவுக் கட்டுப்பாடும் மட்டுமே கொண்டது. மின்வழங்கல் தேவையில்லை.
* எண்முறை மாற்றியுடன் இணைந்தது: ஒலியளவுக் கட்டுப்பாடுள்ள எண்முறை-ஒப்புமை மாற்றியைத் திறன் பெருக்கியோடு நேரடியாக இணைக்கலாம். கட்டுப்பாடு பழுதுற்றால் முழு அளவுக் குறிகையும் ஒலிபெருக்கியை அடையும் என்பது இதன் இடர்.

தெரிவு செய்தல்

பெருக்கம்

2 வோல்ட் தரும் குறுந்தட்டு இயக்கி, 20 டெசிபெல் பெருக்கமுள்ள முன்பெருக்கி, 1 வோல்ட்டில் முழுத்திறன் அடையும் திறன் பெருக்கி ஆகிய மூன்றும் இணைவதாகக் கொள்வோம். கட்டுப்பாட்டை முழுதும் திருப்பினால் 20 வோல்ட் கிடைக்கும். தேவையோ 1 வோல்ட். எனவே ஒலியளவுக் குமிழைச் சிறிதளவே திருப்ப இயலும். அந்நிலையில் இடம், வலம் ஆகிய இரு தடங்களின் அளவு பல கருவிகளில் ஒத்திராது. இத்தொகுதிக்கு 0 முதல் 10 டெசிபெல் வரையிலான பெருக்கமே போதுமானது.

மின்மறுப்பு

திறன் பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு, முன்பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பைப் போல் குறைந்தது 10 மடங்கு இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. வால்வு முன்பெருக்கிகளின் வெளியீட்டில் பெரும்பாலும் ஒரு மின்தேக்கி இருக்கும். அது 1 மைக்ரோஃபாரட் எனின், 100 கிலோஓம் உள்ளீட்டோடு இணையும்போது 1.6 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே ஒலி குறையத் தொடங்கும். 10 கிலோஓம் உள்ளீட்டோடு இணைந்தால் இவ்வெல்லை 16 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்துவிடும்.

பெருக்கமற்ற வகையில் கம்பியின் நீளம் கருதத்தக்கது. 50 கிலோஓம் கட்டுப்பாட்டின் வெளியீட்டு மின்மறுப்பு 12.5 கிலோஓம் வரை உயரக்கூடும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் உள்ள 5 மீட்டர் கம்பியை அதனோடு இணைத்தால், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 டெசிபெல் இழப்பு உண்டாகும். கம்பி 1 மீட்டர் எனின் இவ்விழப்பு பொருட்படுத்தத்தக்கதன்று.

உறுமலும் மின்வழங்கலும்

இந்தியாவில் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஆகும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் மின்மாற்றியின் காந்தப்புலத்தாலோ, இரு கருவிகள் வெவ்வேறு வழிகளில் புவியோடு இணைந்து உண்டாக்கும் வளையத்தாலோ எழுகின்றது. 100 ஹெர்ட்ஸ் உறுமல், நேர்மின்னாக்கத்தில் வடிகட்டல் போதாமையைக் காட்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் இணைத்தால் முதல் குறை பெரும்பாலும் குறையும். எர்த் முனையைத் துண்டித்து உறுமலை நீக்குவது உயிருக்கு ஆபத்தானது.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் விசைத்தறிகளும் நீரேற்றிகளும் பட்டறைகளும் குடியிருப்புகளை அடுத்தே அமைந்துள்ள இடங்கள் பல. பெரிய மின்னோடிகள் தொடங்கும்போது வழக்கத்தினும் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால் அதே தடத்தில் மின்னழுத்தம் கணநேரம் தாழும். இவ்விடங்களில் மின்னழுத்த ஏற்றத்தாழ்வைத் தாங்கும் நல்ல மின்வழங்கற் பகுதியுள்ள முன்பெருக்கி ஏற்றது. 2012 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர்கள் இடம்பெற்றன. அவற்றுள் சதுர அலை வகை, 150, 250 ஹெர்ட்ஸ் முதலிய ஒற்றைப்படை மடங்குகளையும் தருவதால் கரகரப்பான இரைச்சலை உண்டாக்கக்கூடும். இசைக் கருவிகளுக்குச் சைன் அலை வகையே பொருத்தமானது.

கேட்டு ஒப்பிடுதல்

இரண்டு முன்பெருக்கிகளை ஒப்பிடும்போது, சற்று உரத்து ஒலிப்பதே சிறந்தது போல் தோன்றுவது இயல்பு. எனவே 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை இசைத்து, திறன் பெருக்கியின் வெளியீட்டைப் பன்னோக்குமானியால் அளந்து, இரண்டையும் 0.2 டெசிபெல்லுக்குள், அதாவது ஏறத்தாழ 2 விழுக்காட்டு மின்னழுத்த வேறுபாட்டுக்குள், சமப்படுத்துதல் வேண்டும். பன்னோக்குமானி 1000 ஹெர்ட்ஸைச் சரியாக அளக்காதது எனின் 100 ஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்தலாம். எந்தக் கருவி ஒலிக்கின்றது என்பதைக் கேட்பவர் அறியாதவாறு வேறொருவர் மாற்றித் தருதல் நலம். இவ்வாறு கேட்டும் வேறுபாடு புலப்படவில்லை எனின், ஒலித்தரத்திற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. உள்ளீடுகளின் எண்ணிக்கை, ஃபோனோ நிலை, பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யலாம்.

இவற்றையும் பார்க்க

* திறன் பெருக்கி
* ஒலிபெருக்கி
* இசைத்தட்டு
* வெற்றிடக் குழாய்