கோல்டன் சாரியட்

கோல்டன் சாரியட் (பொருள்: தங்கத் தேர்) என்பது தென்னிந்தியாவில் இயங்கும் சொகுசுச் சுற்றுலாத் தொடர்வண்டி ஆகும். ஹம்பியிலுள்ள கல்தேரை ஒட்டி இப்பெயர் இடப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் ரோவோஸ் ரெயிலைப் போலவே இதிலும் பயணிகள் வண்டியிலேயே தங்கி, உண்டு, வழியிலுள்ள ஊர்களைச் சுற்றிப் பார்க்கின்றனர்.

வரலாறு
கர்நாடக மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் இந்திய இரயில்வேயும் இணைந்து 2008இல் இச்சேவையைத் தொடங்கின. பெட்டிகள் சென்னை பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டன. இரயில்வேக்குச் செலுத்த வேண்டிய இழுவைக் கட்டணம் பெருஞ்சுமையானதால் கழகம் இழப்புக்குள்ளானது. 2019இல் இயக்கும் பொறுப்பு இந்திய இரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகத்திற்கு மாறியது. கொரோனாப் பெருந்தொற்றாலும் தடைபட்ட சேவை 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

பெட்டிகள்
தொடக்கத்தில் 11 தங்கும் பெட்டிகளில் 44 அறைகள் இருந்தன. இப்பெட்டிகள் கடம்பர், கங்கர், சாளுக்கியர், போசளர் முதலிய அரச மரபுகளின் பெயர்களைப் பெற்றன. ருச்சி, நளபாக என்பன உணவகப் பெட்டிகள்.

வழித்தடமும் கட்டணமும்
பயணங்கள் பெங்களூரில் தொடங்குகின்றன. ஒரு வழித்தடம் கர்நாடகத்துக்குள் அமைந்தது. மற்றொன்று மாமல்லபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு, கொச்சி ஆகிய இடங்களைக் காட்டுகிறது. 2024இல் ஐந்து இரவுப் பயணத்திற்கு ஒருவருக்கான கட்டணம் ஏறத்தாழ 4 இலட்சம் ரூபாய். எனவே பெட்டிகளைச் செய்த சென்னையின் தொழிலாளர் பெரும்பாலோருக்கு இப்பயணம் எட்டாததாகும்.