ஓடுபாதையின் அண்டை வீட்டார்

விமானம் தரையிறங்கும் வேளையில் பயணிகள் சாளரத்தின் வழியே கீழே நோக்குவது இயல்பு. முதலில் வயல்களும் ஏரிகளும் தெரியும். பிறகு சாலைகள் தெரியும். இறுதியில், சக்கரங்கள் மண்ணைத் தொடுவதற்குச் சில நொடிகளுக்கு முன், வீட்டுக் கூரைகள் தோன்றும். கொடியில் உலரும் துணிகளைக்கூட எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு அவை அண்மையில் இருக்கும். வளைகுடா நாடுகளுக்குச் சென்று மீளும் நம் வீட்டுப் பிள்ளைகளும், ஹஜ்ஜுக் கடமையை முடித்துத் திரும்பும் நம் பெரியோரும் இக்காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். ஆனால் அக்கூரைகளின் கீழ் வாழ்வோருக்கு நாம் எவ்வாறு காட்சி தருகிறோம், எவ்வாறு கேட்கிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. விமானத்தின் வரலாறு பெரும்பாலும் மேலே பறந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கீழே இருந்தவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை அறிய அமெரிக்காவின் பாஸ்டன் நகர் நமக்கு நல்லதோர் ஏடாக வாய்த்திருக்கிறது.

பாஸ்டன் துறைமுகத்தின் கீழ்க்கரையில் கிழக்குப் பாஸ்டன் என்றொரு பகுதி இருக்கிறது. தீவுகளை மண்ணிட்டு இணைத்து உண்டாக்கிய நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பாய்க்கப்பல்கள் கட்டப்பட்டன. அயர்லாந்திலிருந்தும், பின்னர் இத்தாலியிலிருந்தும் வந்திறங்கிய ஏழை மக்கள் அங்கேயே குடியமர்ந்தனர். பிற்காலத்தில் எல் சால்வடோர், கொலம்பியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தனர். ஒரு வீட்டின் மேல் ஒரு வீடாக மூன்றடுக்கு மரவீடுகளில் நெருங்கி வாழும் உழைப்பாளிகளின் ஊர் என்று அதனைச் சொல்லலாம்.

அவ்வூரை ஒட்டிய சேற்றுநிலத்தில் 1923ஆம் ஆண்டு 189 ஏக்கர் பரப்பில் ஒரு சிறு விமானத்தளம் திறக்கப்பட்டது. இன்று லோகன் விமான நிலையம் என்று உலகம் அறிவது அதுவே. அது வளர வளரக் கடல் பின்வாங்கியது. கவர்னர் தீவு, ஆப்பிள் தீவு, பறவைத் தீவு என்று மூன்று தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் வயிற்றுக்குள் போயின. அரபு மொழியில் விமான நிலையத்துக்கு ‘மதார்’ என்று பெயர். பறவையைக் குறிக்கும் ‘தைர்’ என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்த சொல் அது. பறவையின் பெயரைத் தாங்கிய நிலையம் பறவையின் பெயரைத் தாங்கிய தீவை விழுங்கியது மொழி பயின்ற நமக்குப் புன்முறுவலையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது.

தீவுகளில் குடியிருப்போர் பெரும்பாலும் இல்லை. ஆகவே அவை மறைந்தபோது பெரிய கூக்குரல் எழவில்லை. வுட் தீவுப் பூங்காவின் கதை வேறு. அமெரிக்கப் பூங்காக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெடின் திட்டப்படி உருவான கடற்கரைப் பூங்கா அது. நீராடக் கரையும், விளையாட வெளியும், அமர்ந்து காற்று வாங்க நிழலும் அங்கே இருந்தன. எல்ம் மரங்கள் இருமருங்கும் நிழலிட்ட நெப்டியூன் சாலை ஊரிலிருந்து அங்கே இட்டுச் சென்றது. தோட்டமுள்ள வீடு வாங்கச் செல்வமில்லாத மக்களுக்கு அப்பூங்காவே தோட்டமாக இருந்தது. ஜெட் விமானங்கள் வந்தபின் ஓடுபாதைகளுக்கு நீளம் போதவில்லை. 1960களின் பிற்பாதியில் மாசசூசெட்ஸ் துறைமுக ஆணையம் பூங்காவைக் கைக்கொண்டு அழித்தது. போக்குவரத்துத் திட்டங்களுக்காகப் பூங்காக்களை எடுப்பதைக் கட்டுப்படுத்தும் விதியொன்று 1966இல்தான் அந்நாட்டுச் சட்டநூலில் ஏறியது. அவ்விதி வுட் தீவைக் காக்கவில்லை. சாலையின் எல்ம் மரங்களும் வெட்டுண்டன. கடலுக்குச் சென்ற சாலை வேலியில் போய் முட்டி நின்றது.

சட்டம் அதுவரை இம்மக்களுக்கு என்ன தந்திருந்தது என்பதைச் சற்றே விலகி நின்று பார்ப்போம். நிலத்தை உடையவன் அதன் மேலுள்ள வானத்தையும் உடையவன் என்பது மேல்நாட்டுச் சட்டத்தின் பழைய கொள்கை. நிலத்தின் உடைமை அதன் ‘ஹவா’வையும் தழுவும் என்று நம் ஃபிக்ஹு நூல்களிலும் ஓதியிருக்கிறோம். விமானம் வந்ததும் இக்கொள்கைக்குச் சோதனை வந்தது. வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகே காஸ்பி என்பவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது படை விமானங்கள் அவர் நிலத்துக்கு 83 அடி உயரத்தில் பறந்தன. வீட்டின் உச்சிக்கும் அவற்றுக்கும் 67 அடியே இடைவெளி. அச்சத்தால் சுவரில் மோதியே சுமார் 150 கோழிகள் மாண்டன. பண்ணை அழிந்தது, குடும்பத்தின் உறக்கமும் அழிந்தது. 1946இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இரண்டு செய்திகளைச் சொல்லிற்று. வானம் முழுவதும் நிலக்காரனுக்கு உரியது என்னும் பழங்கொள்கைக்கு இக்காலத்தில் இடமில்லை என்பது ஒன்று. ஆயினும், நிலத்தைப் பயன்படுத்த முடியாதபடி தாழ்வாகவும் அடிக்கடியும் பறந்தால் அது நிலத்தை எடுத்துக் கொண்டதற்கு ஒப்பாகும், இழப்பீடு தர வேண்டும் என்பது மற்றொன்று. பிட்ஸ்பர்க் விமான நிலையத்தைப் பற்றிய 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அவ்விழப்பீட்டை நிலையத்தின் உரிமையாளரே தர வேண்டும் என்று வரையறுத்தது.

நீதி என்னவோ நீதிதான். ஆனால் அது கோழி செத்த பின் வரும் நீதி. வழக்குத் தொடுக்கப் பணமும் காலமும் உள்ளவனுக்கு வரும் நீதி. வாடகை வீட்டில் இருப்பவளுக்கு அது என்ன தரும்? கட்டுவதற்கு முன்னரே ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்று வினவும் உரிமை அச்சட்டத்தில் இல்லை.

அவ்வினாவைக் கிழக்குப் பாஸ்டன் தாய்மார் சட்டத்துக்கு முன்னரே தெருவில் எழுப்பினர். 1968ஆம் ஆண்டு விமான நிலைய விரிவாக்கத்துக்கு மண் சுமந்த லாரிகள் மேவரிக் தெருவழியே ஓயாது சென்றன. புழுதி வீட்டுக்குள் படிந்தது, பிள்ளைகளைத் தெருவில் விட முடியவில்லை. முறையீடுகள் பயன் தராதபோது, அவ்வாண்டு செப்டம்பரில் அத்தெருப் பெண்கள் குழந்தைகளைத் தள்ளுவண்டிகளில் வைத்துக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்து நின்றனர். லாரிகள் நின்றன. அரசியல் அறிஞரோ வழக்குரைஞரோ அவர்களுக்குத் தலைமை தாங்கவில்லை. சமையலை இடையில் விட்டு வந்தவர்களே தலைவர்கள். முடிவில், லாரிகளுக்கெனத் தன் நிலத்துக்குள்ளேயே வழி அமைக்க ஆணையம் இசைந்தது. அப்படியொரு வழி தொடக்கத்திலிருந்தே இயலும் காரியமாகத்தான் இருந்திருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். தெரு மக்களைக் கேட்கும் கடமை எவருக்கும் இல்லாதிருந்ததால் அது எவருக்கும் தோன்றவில்லை.

அக்கடமை 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிறந்தது. அன்றுதான் அமெரிக்கத் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் கையொப்பமாயிற்று. கூட்டரசு செய்யும் அல்லது அனுமதிக்கும் பெரிய செயல் எதற்கும், சூழலுக்கு அதனால் விளையக்கூடியவற்றை முன்கூட்டி ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டும். மாற்று வழிகளை எடைபோட வேண்டும். பொதுமக்கள் கருத்தைப் பெற வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலமும் 1972இல் தனக்கென ஒரு சட்டம் செய்தது. அவ்வாண்டே அம்மாநில மக்கள் தம் அரசியல் சாசனத்தில் ஒரு திருத்தத்தையும் ஏற்றனர். தூய காற்றும் நீரும் மட்டுமன்றி, மிகையான, தேவையற்ற இரைச்சலிலிருந்து விடுதலையும் மக்களின் உரிமை என்கிறது அத்திருத்தம். பொதுப் பூங்கா நிலத்தை வேறு பயனுக்கு மாற்றச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் விதிக்கிறது. வுட் தீவுக்கு அது சில ஆண்டுகள் பிந்தி வந்த மருந்து.

புதிய முறையின் முதற்சோதனைகளுள் ஒன்று லோகனிலேயே நடந்தது. மேலும் கடலைத் தூர்த்து ஓடுபாதை அமைக்க ஆணையம் விரும்பியபோது, 1971இல் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மக்கள் திரண்டு வந்து பேசினர். ஆணையத்தின் வல்லுநர்கள், புதிய பாதை வந்தால் விமானங்களைக் கடலின்மேல் திருப்பி இரைச்சலைக் குறைக்கலாம் என்றனர். மறுதரப்பு வல்லுநர்கள், பாதை பெருகினால் விமானமும் பெருகும் என்றனர். இச்சர்ச்சையை ஆராய்ந்து 1974இல் நூல் எழுதிய டோரத்தி நெல்கின் என்னும் அறிஞர், வல்லுநர் அறிவு இருதரப்பாருக்கும் ஆயுதமாகிவிட்டதை எடுத்துக் காட்டினார். அறிக்கை எழுதுவோரைக் கட்டுவோரே கூலிக்கு அமர்த்தும் வழக்கத்தை நாமும் ஐயத்தோடுதான் பார்க்கிறோம். எனினும், ஏழைத் தெருவொன்றின் கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டிய நிலை வந்ததே, அது சிறிய மாற்றமன்று. அன்று அத்திட்டம் கைவிடப்பட்டது.

பின்னர் வந்த மற்றொரு பாதையின் கதை இதனினும் நீண்டது. 14/32 என்று எண்ணிடப்பட்ட அந்த 5,000 அடிப் பாதையை 1970களில் நீதிமன்றத் தடை நிறுத்தியது. 1990களில் திட்டம் உயிர்பெற்று மீண்டும் ஆய்வுக்கு வந்தது. கூட்டரசு விமானத்துறை 2002இல் இசைவளித்தது, 2003இல் தடை நீங்கியது, 2006 நவம்பரில் பாதை திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுப் போராட்டம் தோற்றது என்று சொல்லிவிடலாமா? அப்பாதையின் நிபந்தனைகளைப் பாருங்கள். விமானங்கள் கடலை நோக்கியே எழ வேண்டும், கடலிலிருந்தே இறங்க வேண்டும், ஊரின் பக்கம் திரும்பக் கூடாது. வடமேற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ போதிய வேகத்தில் காற்று வீசும்போதுதான் அதனைப் பயன்படுத்தலாம். கேள்வி கேட்க மக்கள் இல்லாதிருந்தால் இந்நிபந்தனைகளுள் ஒன்றேனும் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

ஆய்வறிக்கைகளில் இரைச்சல் எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நன்று. ஓராண்டின் ஓசையையெல்லாம் கூட்டி ஒரு நாளுக்குச் சராசரி காண்கின்றனர். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை பறக்கும் விமானம் ஒவ்வொன்றையும் பத்து விமானங்களாகக் கணக்கிடுகின்றனர். இவ்வாறு வரும் அளவு 65 டெசிபெலுக்கு மேற்பட்டால் அவ்விடம் குடியிருக்க ஒவ்வாதது என்பது அமெரிக்க விமானத்துறையின் பொதுவிதி. வரைபடத்தில் ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு ஒலி தடுக்கும் சாளரம் கிடைக்கலாம், அடுத்த வீட்டுக்குக் கிடைக்காமற் போகலாம். இரவைப் பத்து மடங்காக எண்ணியது அறிவுடைமைதான். ஆனால் சராசரியை எந்தச் செவியும் கேட்பதில்லை. அதிகாலை நான்கு மணிக்குத் தொட்டிலில் இருக்கும் குழந்தையை எழுப்புவது ஒரே ஒரு விமானம். ஒலி தடுக்கும் சாளரமும் மூடியிருக்கும் வரைதான் பயன் தரும். கோடையில் அதைத் திறக்காமல் எப்படி இருப்பது?

உடல்நலத்தைப் பற்றிய விடை வர மேலும் காலம் பிடித்தது. சட்டமன்றத்தின் ஆணைப்படி மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, விமான நிலையத்தைச் சூழ்ந்து ஐந்து மைலுக்குள் அடங்கும் 17 ஊர்களில் ஆய்வு செய்து 2014இல் அறிக்கை தந்தது. விமான நிலையத்தின் தாக்கம் மிகுந்த பகுதிகளில் வாழும் குழந்தைகளிடம், மருத்துவர் இன்னும் கண்டறியாத ஆஸ்துமாவின் அறிகுறிகள் தாக்கம் குறைந்த பகுதிகளைவிட மூன்று, நான்கு மடங்கு மிகுந்திருந்தன. அப்பகுதியில் மூன்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பெரியோரிடம் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. 1968இல் தெருவில் நின்ற தள்ளுவண்டிக் குழந்தைகள் அப்போது நடுவயதைத் தொட்டிருந்தனர்.

இச்சட்டத்துக்குப் பல் உண்டா என்று கேட்பவர் உண்டு. ஆராய்ந்து வெளியிட வேண்டும் என்றுதான் அது கட்டளையிடுகிறது, நல்ல முடிவெடுக்க வேண்டும் என்றன்று. உச்சநீதிமன்றம் இதனை 1989இலேயே தெளிவாக்கிவிட்டது. 2025 மே மாதம் ரயில்பாதை வழக்கொன்றில், அறிக்கை எழுதிய துறையின் தீர்மானத்துக்கு நீதிமன்றங்கள் பெரிதும் இடங்கொடுக்க வேண்டும் என்று அது மேலும் சொன்னது. அறிக்கையின் குறைகளைக் காட்டி வழக்காடும் வழி இதனால் முன்னினும் ஒடுங்கியிருக்கிறது.

1970இல் நிறுவப்பட்ட சுற்றுச்சூழல் காப்பு முகமை, 1973இல் மைக்கேல் ஃபிலிப் மேன்ஹைம் என்னும் நிழற்படக் கலைஞரை நெப்டியூன் சாலைக்கு அனுப்பியது. அவர் எடுத்த படங்கள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மரவீடுகளின் கூரைக்கு மேலே, கைநீட்டினால் எட்டும் போல, விமானத்தின் வயிறு தெரிகிறது. கீழே ஊர் தன் அன்றாட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பிற்காலத்தில் அவ்வீடுகளை ஆணையமே விலைக்கு வாங்கி ஒவ்வொன்றாக இடித்துவிட்டது. ஊரின் வேறு பக்கங்களில் 1995இலும் 2007இலும் ஆணையம் புதிய பூங்காக்கள் அமைத்துத் தந்திருக்கிறது. அவை அழகானவை, மக்கள் விரும்பிச் செல்பவை என்பதை மறைப்பதற்கில்லை. நீலத்தடம் என்னும் நகர ரயிலில் ஒரு நிலையத்தின் பெயர் இன்றும் ‘வுட் ஐலண்ட்’. அங்கே இறங்குவோர் தீவையும் காண்பதில்லை, பூங்காவையும் காண்பதில்லை.