‘டெம்பிள் ஆஃப் டூம்’ (1984)

இண்டியானா ஜோன்ஸ் என்னும் கற்பனைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளனைக் கதாநாயகனாகக் கொண்டு 1981-இல் வெளியாகிப் பெரும் பிரசித்தி பெற்ற ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தைத் தொடர்ந்து, இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் கதையைச் சிருஷ்டித்த ஜார்ஜ் லூகாஸும் மீண்டும் கூடி 1984 மே மாதத்தில் வெளியிட்ட புதையல் வேட்டைப் படம் இது. வரிசையில் இரண்டாவதாயினும் இதன் கதை முதற்படத்திற்கு ஓராண்டு முந்தைய 1935-இல், பெரும்பாலும் இந்தியாவில் நிகழ்கிறது. களவுபோன புனிதக் கல்லையும் காணாமற்போன குழந்தைகளையும் மீட்டுத் தரும்படி ஒரு கிராமத்தார் மன்றாட, ஜோன்ஸ் பங்கோட் என்னும் சமஸ்தானத்து அரண்மனைக்குள் நுழைந்து, அதன் அடியிலுள்ள பாதாளக் கோயிலில் காளியின் பெயரால் நரபலியிடும் கூட்டத்தை எதிர்த்து வெல்கிறான்.

தெய்வத்துக்குரிய கல் களவாடப்படுதல், அதைத் தொட்டவரைச் சாபம் தொடர்தல், முடிவில் கல் தன் இடம் சேர்தல் என்னும் கதை மரபுக்கும் மைசூர்ச் சீமைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து மைசூரை ஆண்ட திப்புவின் கருவூலம் கம்பெனிப் படையின் கையில் சிக்கிய சம்பவத்தையே தொடக்கமாக வைத்து வில்கி காலின்ஸ் 1868-இல் ‘தி மூன்ஸ்டோன்’ என்னும் நாவலை எழுதினார். அந்தப் போருக்குப் பின் பெங்களூரை அடுத்த பகுதியில், வழிப்போக்கரைச் சுருக்கிட்டுக் கொல்லும் கூட்டத்தார் ஏறக்குறைய நூறு பேர் பிடிபட்டதும், 1830-களில் வடக்கே ஸ்லீமன் என்னும் ஆங்கிலேய அதிகாரி இத்தகைய ‘தக்கர்’களை ஒடுக்கியதும் ஆங்கிலேய வாசகரின் கற்பனையைக் கிளறிவிட்டன. அக்கற்பனை திரைக்கு வந்த பிரபல வடிவம் 1939-இல் வெளியான ‘கங்கா தின்’; ‘டெம்பிள் ஆஃப் டூம்’ பெரும்பாலும் அதன் வாரிசே.

ஜெய்ப்பூரை அடுத்த ஆம்பர் கோட்டையில் படம்பிடிக்கவே முதலில் உத்தேசித்தனர். இந்திய அரசாங்கம் திரைக்கதையை ஆட்சேபித்துத் திருத்தங்கள் கோரியதோடு இறுதித் தொகுப்பின்மீதும் அதிகாரம் கேட்டதால், படக்குழு 1983-இல் இலங்கையின் கண்டிக்குச் சென்றது. அதனால் வட இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் இடத்தில் மக்கள் சிங்களம் பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவராக நடித்த சிங்கள நடிகர் டி. ஆர். நாணாயக்கார ஆங்கிலம் அறியாதவர். காமிராவுக்குப் பின்னிருந்து ஸ்பீல்பெர்க் சொல்லச் சொல்ல, அவர் ஒலியைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். அதனால் நேர்ந்த தயக்கமும் இடைவெளியும், துயரத்தால் நாத்தழுதழுக்கும் முதியவரின் பேச்சாகவே திரையில் தோன்றுகின்றன. அக்காட்சி அவருடைய கலைக்கு என்றும் சாட்சி.

படத்தின் சிறப்பெல்லாம் அதன் தொழில் நுணுக்கத்தில் இருக்கிறது. இலங்கையில் விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களே மலையிடுக்கின் குறுக்கே தொங்குபாலம் அமைத்துக் கொடுத்தார்கள். பாலத்தை அறுக்கும் காட்சியை ஒரே முறைதான் எடுக்க முடியும் என்பதால், பல காமிராக்களை ஒருங்கே நிறுத்தி, மனிதரைப்போல் கைகால் அசைக்கும் பொம்மைகளைப் பாலத்தில் ஏற்றிவைத்து, வெடி வைத்துத் துண்டித்தனர். சுரங்கத் தள்ளுவண்டித் துரத்தலோ இன்னும் வியப்பானது. விசேஷக் காட்சி நிபுணர் டென்னிஸ் மியூரனின் குழுவினர், கசக்கி வர்ணம் பூசிய அலுமினியத் தகட்டால் சிறிய குகைவழிகளைச் செய்து, சாதாரண நைகான் நிழற்பட காமிராவை மாற்றியமைத்து அவற்றுள் ஓடவிட்டனர். வண்டியின் ஓசைக்காக ஒலியமைப்பாளர் பென் பர்ட் டிஸ்னிலாந்தின் உருள்வண்டிகளைப் பதிவு செய்தார். விசேஷக் காட்சிகளுக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது முற்றிலும் நியாயமே. கதாநாயகன் ஹாரிசன் ஃபோர்டுக்கு முதுகெலும்பில் கோளாறு ஏற்பட்டுச் சிகிச்சைக்காக அமெரிக்கா திரும்ப நேர்ந்தபோது, அவருக்குப் பதிலாகச் சண்டைக் காட்சிகளில் நின்ற விக் ஆம்ஸ்ட்ராங்கின் உழைப்பும் மறக்கத்தக்கதன்று.

குறைகள் கதையிலும் மனோபாவத்திலும் உள்ளன. உடன்வரும் பாடகி வில்லி ஸ்காட் முதற்படத்தின் கதாநாயகி மேரியனைப்போல் துணிவுள்ளவளாக இல்லாமல், படம் முழுதும் அலறுவதற்கென்றே படைக்கப்பட்டிருக்கிறாள். காளியின் பெயரால் செய்யும் கெடுவினை வேறு, தெய்வம் வேறு என்ற பேதமே கதையில் இல்லை. சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை ஏறி அன்னையைத் தொழும் மைசூர் மக்களுக்கும், தமிழகத்தில் காளியைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களுக்கும் இது மனவேதனை தருவது. அரண்மனை விருந்தில் உயிர்ப் பாம்பும் கண்விழி ரசமும் குளிரவைத்த குரங்கு மூளையும் பரிமாறப்படுவது வேடிக்கைக்காகவே எனினும், மேனாட்டுச் சிறுவர் பலர் அதை உண்மையென்றே நம்பினர். முடிவில் வந்து காப்பவர் ஒரு வெள்ளைக்காரத் தளபதி. இந்திய அரசாங்கச் சட்டம் நிறைவேறி நாடெங்கும் சுயராஜ்யப் பேச்சு நிறைந்திருந்த ஆண்டில், அந்தப் பேச்சின் சாயை கூட படத்தில் விழவில்லை.

படம் காட்டும் கற்பனைச் சமஸ்தானம் ஒருபுறம் இருக்க, கதை நிகழ்வதாகச் சொல்லும் அதே 1935-இல் உண்மையான மைசூர் சமஸ்தானம் எப்படி இருந்தது? காந்தியடிகளால் ராஜரிஷி என்று போற்றப்பட்ட நாலாம் கிருஷ்ணராஜ உடையார் ஆண்டுகொண்டிருந்தார். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902 முதல் கோலார் தங்கவயலுக்குச் சென்றுகொண்டிருந்தது. 1916-இல் தோன்றிய பல்கலைக்கழகம் வளர்ந்திருந்தது. கிருஷ்ணராஜசாகரம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உண்மையான புதையல் வேட்டையும் அங்கே நடந்தது. தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்த ஓலைச்சுவடியில், கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இருப்பதை 1905-இல் கண்டறிந்து, 1909-இல் அச்சேற்றினார் ஆர். சாமா சாஸ்திரி. கன்னடத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்றாகிய ஹல்மிடிச் சாசனத்தை, தொல்பொருள் துறைத் தலைவர் எம். எச். கிருஷ்ணா 1936-இல் உலகறியச் செய்தார். ஜோன்ஸைப்போல் இவர்களுடைய கையில் சாட்டையும் தலையில் தொப்பியும் இருந்திருந்தால்தான் படத்துக்குப் பொருந்துவார்கள் என்பதில்லை. இத்தகைய பண்டிதர் ஒருவரையேனும் கதையில் சேர்த்திருந்தால் அது எவ்வளவோ உயர்ந்திருக்கும்.

மேனாட்டுப் படக்குழு ஒன்றும் அந்த 1935-இலேயே மைசூருக்கு வந்தது. இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி ‘எலிஃபென்ட் பாய்’ படத்திற்காக அங்கு வந்து, காரபுரத்தில் 1924-இல் பிறந்த பாகன் மகன் சாபுவைக் கதாநாயகனாகத் தேர்ந்தார். 1937-இல் வெளியான அப்படத்தின் காட்டு யானைகள் மைசூர்க் காட்டைச் சேர்ந்தவை. கதை எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்தான் என்றபோதிலும், நேரில் வந்து பார்த்தவரின் கண் அதில் தெரிகிறது.

‘டெம்பிள் ஆஃப் டூம்’ உலகெங்கும் முப்பது கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இந்தியாவில் சில காலம் தடைசெய்யப்பட்டது. பூசாரி மனிதனின் இருதயத்தைப் பிடுங்கும் காட்சிபற்றி அமெரிக்கப் பெற்றோர் முறையிட்டதன் விளைவாக, 13 வயதுக்குட்பட்டோரைப்பற்றிப் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தணிக்கைப் பிரிவு அதே ஆண்டு ஜூலையில் ஏற்பட்டது. படம் அளவுக்கு மீறி இருண்டுவிட்டதென்று ஸ்பீல்பெர்க்கே பின்னர் ஒப்புக்கொண்டார். 1989-இல் வந்த மூன்றாம் படம் முதற்படத்தின் உற்சாகத்துக்குத் திரும்பியது. ‘டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தில் அந்தப் பூசாரியாக நடித்த அம்ரீஷ் பூரி, 1973-இல் கிரீஷ் கர்நாட் இயக்கிய ‘காடு’ என்னும் கன்னடப் படத்தில் ஏற்கெனவே நடித்தவர். 1991-இல் மணிரத்னத்தின் ‘தளபதி’ மூலம் தமிழ் ரசிகர்களுக்கும் அறிமுகமானார்.