பிழைப்பு ஒன்று, வாத்தியம் ஒன்று

பித்தளையால் ஆன ஊதுகருவி நமக்குப் புதியதன்று. கோயில் திருவிழாக்களில் எக்காளமும் திருச்சின்னமும் முழங்கக் கேட்டிருக்கிறோம். அவற்றில் விரலுக்கு வேலையில்லை. ஊதுவோனின் உதடும் மூச்சுமே சுரத்தை மாற்றுகின்றன. படை முகாம்களில் ஒலிக்கும் பியூகிளும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. செகந்தராபாத்தை அடுத்த திருமுல்கேரியில் வாழும் நமக்கு அவ்வொலி நன்கு பழகியது. 1798-ஆம் ஆண்டில் நிஜாம் ஆங்கிலேயக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையினால் இப்பகுதியில் படை வந்து தங்கிற்று. 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் என்னும் ஊர் ஏற்பட்டது. சென்னைப் படையோடு தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து குடியேறின. அதே படையோடு வந்தவைதாம் பியூகிளும் பாண்டு வாத்தியமும்.

பியூகிளில் ஒரு சில சுரங்களே பிறக்கும். ஒரே நீளமுள்ள குழலில் உதட்டின் இறுக்கத்தை மாற்றி எழுப்பக்கூடியவை அவ்வளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இக்குறையைப் போக்கும் வழி கண்டனர். குழலில் வால்வுகளைப் பொருத்தி, ஒன்றை அழுத்தினால் காற்று செல்லும் பாதை சற்றே நீளுமாறு செய்தனர். இன்றைய ட்ரம்பெட்டில் உள்ள மூன்று வால்வுகளுள் ஒன்று சுரத்தை அரைச்சுர அளவு தாழ்த்தும். மற்றொன்று அதனைப்போல் இரு மடங்கும், மூன்றாவது மும்மடங்கும் தாழ்த்தும். இவற்றைச் சேர்த்தும் பிரித்தும் அழுத்துவதால் எல்லாச் சுரங்களும் கைவசமாயின. ஆயினும் விரல் செய்வது பாதி வேலையே. மீதியை உதடும் பல்லும் மூச்சும் செய்தாக வேண்டும்.

இவ்வாத்தியத்தைத் தலைமையாகக் கொண்டு, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நீக்ரோ மக்கள் என்று அக்காலத்தார் அழைத்த கறுப்பின மக்களிடையே வளர்ந்ததே ஜாஸ் இசையின் பழைய மரபு. அதில் ட்ரம்பெட் மெட்டை நடத்திச் செல்லும். கிளாரினெட் அதன்மேல் கொடிபோலச் சுற்றிப் படரும். டிராம்போன் கீழே நின்று தாங்கும். பாஞ்சோ, பாஸ், டிரம் ஆகியவை தாளத்தைக் காக்கும். எழுதிவைத்த இசையைப் பார்த்து ஒவ்வொருவரும் தம் பங்கை வாசிப்பதன்று; கூடியிருந்து அப்பொழுதே கற்பனை செய்து வாசிப்பது. இவ்விசையை இங்கிலாந்தில் வேர்விடச் செய்தவர் பெரும்பாலும் அதனைத் தொழிலாகக் கொள்ளாதவர் என்பதே நாம் இங்குக் கருதத்தக்க செய்தி.

தொழிலாகக் கொள்ளாதோர் ஒரு கலையைத் திருப்பிவிட முடியுமா என்று ஐயுறுவோர்க்கு நம் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 1891-ஆம் ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் நிறுவிய சுகுண விலாச சபை ஓர் அமெச்சூர் நாடக சபை. பகலில் கல்லூரியிலும் கச்சேரியிலும் அலுவல் பார்த்தோர் மாலையில் அங்கு வேடம் புனைந்தனர். முதலியாரே நீதிபதியாகப் பணியாற்றியவர். தமிழ் நாடக வரலாற்றில் அச்சபைக்குள்ள இடத்தை நாம் அறிவோம்.

இங்கிலாந்துக்கு 1919-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஜாஸ் குழு வந்தது. 1932-இல் லூயி ஆம்ஸ்டிராங் வந்து லண்டன் பல்லேடியம் அரங்கில் ட்ரம்பெட் வாசித்தார். ஆனால் 1935 முதல் இவ்வழி அடைபட்டது. ஒரு நாட்டுக் கலைஞர் மற்றொரு நாட்டில் வாசிப்பதுபற்றி இரு நாட்டுத் தொழிற்சங்கங்களுக்குமிடையே மூண்ட பூசலினால், அமெரிக்கக் குழுக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. குரு நேரில் வர இயலாத நிலையில், இசைத்தட்டே குருவாயிற்று. 1933-இல் லண்டனில் முதலாவது ரிதம் கிளப் தோன்றியது. பிற ஊர்களிலும் அத்தகைய சங்கங்கள் பெருகின. உறுப்பினர் கூடி மூன்று நிமிஷம் ஓடும் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டனர், விவாதித்தனர், பின்னர்ச் சிலர் தாமே வாத்தியத்தைக் கையில் எடுத்தனர்.

அவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் வெப். கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த கிரேபோர்டில் விக்கர்ஸ் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பியானோ வாசிப்பவர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, பார்ன்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில் ‘ரெட் பார்ன்’ என்ற மதுக்கடையில் அவர் தம் நண்பர்களைக் கூட்டி வாசிக்கலானார். குண்டுவீச்சுக்கும் ரேஷனுக்கும் இடையே, நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நின்றவர்கள் மாலையில் கார்னெட்டும் ட்ரம்பெட்டும் ஏந்தி நின்றனர். அக்காலத்து நடனக் குழுவினரின் நயமான வாசிப்போடு ஒப்பிட்டால் இவர்கள் வாசிப்பு கரடுமுரடானதே. ஆயினும் கேட்க வந்தோர் தொகை வளர்ந்தது. பின்னாளில் இங்கிலாந்தின் மரபு ஜாஸ் இயக்கம் தன் பிறப்பிடமாகச் சுட்டியது இம்மதுக்கடையையே.

1947-இல் இக்குழுவில் சேர்ந்தவர் ஹம்ப்ரி லிட்டில்டன். ஈட்டன் பள்ளியில் பயின்றவர். படையில் அதிகாரியாக இருந்தவர். ட்ரம்பெட்டைத் தாமே கற்றவர். 1945 மே 8-ஆம் நாள், ஐரோப்பாவில் போர் முடிந்த களிப்பில் மக்கள் பக்கிங்காம் அரண்மனையின் முன் திரண்டபோது, இவர் கூட்டத்தின் நடுவே ட்ரம்பெட் ஊதிய ஒலி பி.பி.சி. ஒலிபரப்பில் பதிவாகி இன்றும் உள்ளது. ஆலைத் தொழிலாளியும் ஈட்டன் மாணவரும் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்தது, குலமும் குடியும் பார்த்துப் பழகும் அந்நாட்டில் சிறிய செய்தியன்று. 1948-இல் தனிக்குழு அமைத்த லிட்டில்டன் பின்பு இசையையே வாழ்வாகக் கொண்டார். 1967 முதல், மறைந்த ஆண்டாகிய 2008 வரை பி.பி.சி. வானொலியில் ஜாஸ் இசையைத் தொகுத்து வழங்கினார்.

கென் காலியரின் வரலாறு வேறு வகையானது. வணிகக் கப்பலில் வேலை பார்த்த இவரும் ட்ரம்பெட்டைத் தாமே பயின்றவர். 1949-இல் லண்டனுக்கு மேற்கே கிரேன்போர்டில் குழுவொன்று அமைத்தார். தட்டில் கேட்டது இவருக்குப் போதவில்லை. கப்பல் வேலையையே வழியாகக் கொண்டு 1952-இல் அமெரிக்கக் கரையில் இறங்கி, நியூ ஆர்லியன்ஸ் சென்று, அங்கிருந்த முதியவர்களோடு அமர்ந்து வாசித்தார். அனுமதிக் காலம் கடந்தமையால் சிறையில் வைக்கப்பட்டு, 1953-இல் தாய்நாடு திரும்பினார்.

காலியர் தேடிச் சென்ற முதியவர்கள் யாவர்? அவர்களும் வாத்தியத்தால் மட்டும் வயிறு வளர்த்தவரல்லர். நியூ ஆர்லியன்ஸின் பழைய ட்ரம்பெட் கலைஞரான பங்க் ஜான்சனை ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தபோது அவர் நியூ ஐபீரியா என்னும் ஊரில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார், பற்கள் போயிருந்தன, வாத்தியமும் இல்லை. அன்பர் பொருள் திரட்டிப் பல் கட்டுவித்து, ட்ரம்பெட்டும் வாங்கிக் கொடுத்த பிறகு 1942-இல் அவர் வாசிப்பு தட்டில் ஏறியது. அத்தட்டுகளில் அவருடன் கிளாரினெட் வாசித்த ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஆகவே, ஆங்கிலேயத் தொழிலாளி தொலைவிலிருந்து குருவாகக் கொண்டவரும் ஒரு தொழிலாளியே. ஒரு வேறுபாட்டை மட்டும் நாம் மறத்தல் ஆகாது. ஆங்கிலேயர் விருப்பத்தால் அமெச்சூர் ஆனார். கறுப்பினக் கலைஞரையோ வறுமையும் நிறவேற்றுமையும் அந்நிலையில் நிறுத்தின.

அன்பு மிகுந்த இடத்தில் பிடிவாதமும் மிகும். 1953-இல் லிட்டில்டன் தம் குழுவில் சாக்ஸபோன் ஒன்றைச் சேர்த்தபோது, பழைய மரபில் அதற்கு இடமில்லை என்று ரசிகர் சினந்தனர். பர்மிங்காம் நகர மண்டபத்தில், அவ்வாத்தியக்காரரை வீட்டுக்குப் போகச் சொல்லும் துணிப்பதாகை ஒன்றை உயர்த்திப் பிடித்தனர். காக்கப் புறப்பட்டவர் காவலராகவே மாறிவிடும் இடர் எக்கலைக்கும் உண்டு. 1961, 1962-ஆம் ஆண்டுகளில் இவ்விசை பெருவிற்பனைச் சரக்காயிற்று. கென்னி பால் என்பாரின் ட்ரம்பெட் தட்டு இரு நாடுகளிலும் முன்னணியில் நின்றது. 1963-இல் பீட்டில்ஸ் குழுவினர் எழுந்தவுடன் அவ்வேகம் தணிந்தது. வணிகர் விலகினர், மதுக்கடையின் பின்னறையில் வாரம் ஒருமுறை கூடும் அமெச்சூர்கள் விலகவில்லை.

இந்நாட்டிலும் ஜாஸ் ட்ரம்பெட் ஒலித்தது. ஆனால் இங்கே அது பிழைப்பாயிற்று. கோவாவின் கிறிஸ்தவக் கோயில் பள்ளிகளில் சிறுவருக்கு இசைக்குறி படிக்கக் கற்பித்தனர். அங்குப் பயின்றோர் பம்பாய், கல்கத்தா ஓட்டல்களின் நடனக் குழுக்களில் வேலை தேடினர். 1935-இல் லியோன் அபியின் கறுப்பினக் குழு பம்பாய் தாஜ்மஹால் ஓட்டலில் வாசித்தது. நம்மவர் அத்தகையோரைக் கேட்டுக் கற்றனர். ஆல்டோனாவில் 1916-இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், ‘சிக் சாக்லேட்’ என்ற பெயரில் ட்ரம்பெட் வாசித்து இந்தியாவின் ஆம்ஸ்டிராங் எனப்பட்டார். பின்னர் இக்கலைஞர் பலர் இந்தித் திரையிசையில் புகுந்தனர். சி. ராமச்சந்திரா இசையமைத்த ‘அல்பேலா’ படத்தில், 1951-இல், சிக் சாக்லேட்டும் குழுவினரும் திரையிலேயே தோன்றினர். பிறரோ பெயரில்லாமல் பாடல்களுக்குள் கரைந்தனர். நாடெங்கும் முணுமுணுத்த மெட்டுகளுக்கிடையே வரும் ட்ரம்பெட் ஒலிக்கு உரியவர் யார் எனக் கேட்டவர் சிலரே.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. கோவாக் கலைஞர் தேர்ச்சியில் எவர்க்கும் குறைந்தவரல்லர். ஆனால் அவர் யாரை மகிழ்விக்க வேண்டும் என்பதைக் கூலி கொடுப்பவர் முடிவு செய்தார். ஆங்கில அமெச்சூர் தேர்ச்சியில் குறைந்தவர். ஆனால் தாம் விரும்பியதை வாசிக்க எவர் அனுமதியும் அவருக்கு வேண்டியதில்லை. அன்றியும், கேட்டதைக் குறித்துவைத்தார். வாசித்தவர் பெயரைத் தேடினார். கடல் கடந்தும் சென்று கண்டார். 1957-இல் ஜார்ஜ் லூயிஸ் இங்கிலாந்துக்கு வந்து காலியர் குழுவோடு ஊர் ஊராக வாசித்தது அத்தேடலின் பயனே.

கலைக்குத் தொழிற்கலைஞர் வேண்டும். அவருக்குத் தக்க ஊதியமும் வேண்டும். அவர் பெயரை மறவாதிருப்போரும் அத்துடன் வேண்டும். அக்கடமையை அலுவலகத்திலும் ஆலையிலும் பகலைக் கழித்துவிட்டு, மாலையில் ஒரு வாத்தியத்தை உறையிலிருந்து எடுப்பவர் ஏற்க முடியும் என்பதற்கு ரெட் பார்ன் மதுக்கடையில் கூடியவர் சான்றாக நிற்கின்றனர்.