எல்லைப்புற மூதாதையரைத் தேடல்: கென்டக்கியின் தொடக்ககால வரிப்பட்டியல்களும் நில ஆவணங்களும் காட்டும் லிங்கன் குடும்ப வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிய எளிய உழவர்கள் நாட்குறிப்போ கடிதமோ விட்டுச் செல்லவில்லை. அவர்களை அறிய எஞ்சியிருப்பவை பெரும்பாலும் வரிப்பட்டியல்கள், நில அளவைப் பதிவுகள், நீதிமன்ற ஏடுகள் ஆகியனவே. ஆபிரகாம் லிங்கனின் பாட்டனாரையும் தந்தையாரையும் பற்றிய சான்றுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வாவணங்களை அவை உருவான காலத்துச் சட்டத்தோடு இணைத்து வாசிக்கும்போதே அவை முழுமையாகப் பொருள் தருகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: கென்டக்கி, வரிப்பட்டியல், நில அளவை, வாரிசுரிமை, லிங்கன் குடும்பம்.

முன்னுரை

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆபிரகாம் லிங்கன் தம் குடும்ப முன்னோரைப் பற்றி அறிந்திருந்தவை மிகச் சில. 1860இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், தம் பாட்டனார் 1784 வாக்கில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்டதாக அவர் குறிப்பிட்டார். அவருடைய தந்தை தாமஸ் லிங்கனோ, வார்டு ஹில் லாமன் (1872), வில்லியம் ஹெர்ன்டன் (1889) ஆகியோர் பெயரில் வெளிவந்த வாழ்க்கை வரலாறுகளில் ஊக்கமற்ற, ஓரிடத்தில் நிலைகொள்ளாத மனிதராகச் சித்திரிக்கப்பட்டார். இவ்விரு செய்திகளும் பெரிதும் வாய்மொழி நினைவைச் சார்ந்தவை. கென்டக்கி கவுண்டி அலுவலகங்களின் ஏடுகளை ஆராய்ந்து லூயிஸ் வாரன் 1926இல் வெளியிட்ட நூல் தந்தையைப் பற்றிய மதிப்பீட்டை மாற்றியமைத்தது. அம்மாற்றத்திற்கு இடமளித்த சான்றுகளின் தன்மை ஈண்டு ஆராயப்படுகிறது.

பெயரும் எல்லையும்

எல்லைப்புற மூதாதையர் ஆவணங்களில் அகப்படாமைக்கு இரு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, பெயரின் எழுத்து வடிவம். எழுத்தர்கள் காதில் விழுந்தவாறே பெயரை எழுதினர். 1780 மார்ச்சில் 160 பவுண்டு செலுத்திப் பெற்ற 400 ஏக்கருக்கான கருவூல நில ஆணையிலும், அதன்வழி நடந்த அளவைப் பதிவிலும் பாட்டனாரின் பெயர் 'லிங்க்ஹார்ன்' என்றே காணப்படுகிறது. 'லிங்கன்' என்ற வடிவை மட்டும் தேடுவோருக்கு இவ்வாவணங்கள் புலப்படா.

மற்றொன்று, ஆட்சி எல்லைகளின் மாற்றம். 1780இல் கென்டக்கிப் பகுதி ஜெபர்சன், பயெட், லிங்கன் என்னும் மூன்று கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் ஜெபர்சனிலிருந்து நெல்சனும், நெல்சனிலிருந்து வாஷிங்டன், ஹார்டின் கவுண்டிகளும் தோன்றின. எனவே ஒரு குடும்பம் இடம்பெயராமலே அதன் ஆவணங்கள் வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக்கிடக்கக் கூடும்.

இதன் விளைவு சிறிதன்று. தாமஸ் லிங்கன் – நான்சி ஹாங்க்ஸ் திருமணப் பதிவு, அவர்கள் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியில் கிடைக்காமையால், அவர்தம் திருமணமே ஐயத்திற்குள்ளாயிற்று. 1806 ஜூன் 12இல் நடைபெற்ற அத்திருமணத்தின் பதிவு, 1878இல் வாஷிங்டன் கவுண்டியில் கண்டெடுக்கப்பட்டது. பிழை ஆவணத்தில் இல்லை. தேடிய இடத்தில் இருந்தது.

வரிப்பட்டியலின் இயல்பு

கென்டக்கி வரிப்பட்டியல்கள் வெர்ஜீனிய மரபைப் பின்பற்றியவை. 21 வயது கடந்த வெள்ளை ஆடவர், 16 முதல் 21 வயதுக்குட்பட்டோர், அடிமைகள், குதிரைகள், நிலம் என அவை பகுத்துக் காட்டும். ஓர் இளைஞன் முதன்முதலில் ஒரு வயதுப் பத்தியில் இடம்பெறும் ஆண்டும், அடுத்த பத்திக்கு மாறும் ஆண்டும் அவன் பிறந்த ஆண்டை ஏறத்தாழ வரையறுக்க உதவும். நிலத்தைப் பொறுத்தவரை, அதன் பரப்பும் தரமும் மட்டுமன்றி, அருகிலுள்ள நீரோடையின் பெயரும், எவர் பெயரில் அது முதலில் பதியப்பட்டு, அளக்கப்பட்டு, பட்டா பெற்றது என்பதும் குறிக்கப்பட்டன. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய இந்நீரோடைப் பத்தியே சிறந்த துணை. பாட்டனாரின் தம்பியான மற்றொரு தாமஸ் லிங்கன் பயெட் கவுண்டியில் வாழ்ந்தார். பெயரை மட்டும் நோக்கின் இருவரும் ஒருவராகிவிடுவர்.

இறந்த ஆண்டும் வாரிசுரிமையும்

பாட்டனார் இறந்த ஆண்டு குறித்து 1784, 1786, 1788 என வேறுபட்ட கணிப்புகள் நிலவின. ஜெபர்சன் கவுண்டியின் லாங் ரன் ஓடைக்கரையில் இருந்த 400 ஏக்கர் நிலத்தின் அளவைப் பதிவு 1785 மே 7 ஆம் நாளுக்குரியது. அதில் ஹனனையா லிங்கன், ஜோசையா லிங்கன் ஆகியோர் சங்கிலி பிடித்தவர்களாகவும், ஆபிரகாம் தாமே எல்லை மரங்களில் குறியிட்டவராகவும் பதிவாகியுள்ளனர். ஆகவே 1784 என்னும் குடும்ப நினைவு பொருந்தாது. மறுபுறம், 1788 அக்டோபரில் நெல்சன் கவுண்டி நீதிமன்றம் அவருடைய அசையும் உடைமைகளுக்கு நிர்வாகி ஒருவரை நியமித்தது. எனவே இறப்பு இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்டது.

இவ்விடைவெளியைச் சுருக்கச் சட்ட வரலாறு துணைபுரிகிறது. மூத்த மகனே நிலம் முழுவதையும் அடையும் முறையை நீக்கிய வெர்ஜீனியச் சட்டம் 1785இல் நிறைவேறி, 1787 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கென்டக்கி அன்று வெர்ஜீனியாவின் பகுதி. ஆபிரகாமின் நிலம் மூத்த மகன் மோர்டெக்காயைச் சேர்ந்தது. இளையவர்களான ஜோசையாவும் தாமஸும் பங்கு பெறவில்லை. இறப்பு 1787க்குப் பின் நிகழ்ந்திருப்பின் நிலம் மக்களிடையே சமமாகப் பகிரப்பட்டிருக்கும். இவ்வனுமானம் தனித்து நின்று நாளை உறுதிசெய்யாது எனினும், இன்று பெரிதும் ஏற்கப்படும் 1786 மே என்ற காலக்கணிப்போடு முழுதும் இயைகிறது. ஏறத்தாழ எட்டு மாத இடைவெளி, தாமஸை நிலமற்றவராக்கியது.

நிலத்தை இழந்த உழவர்

தந்தை வழி நிலம் பெறாத தாமஸ், 1803இல் ஹார்டின் கவுண்டியின் மில் கிரீக்கில் 238 ஏக்கரை 118 பவுண்டுக்கு வாங்கினார். அளவைப் பிழையால் 38 ஏக்கர் குறைந்து, 1814இல் 200 ஏக்கராக 100 பவுண்டுக்கு விற்றார். 1808 டிசம்பரில் 200 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கிய சிங்கிங் ஸ்பிரிங் பண்ணை உரிமை வழக்கில் கைவிட்டுப் போயிற்று. 1811 முதல் வாழ்ந்த நாப் கிரீக்கிலும் 1815இல் வெளியேற்ற வழக்கு தொடரப்பட்டது. ஆயினும் ஹார்டின் கவுண்டியின் 1814ஆம் ஆண்டு வரிப்பட்டியலொன்றில் இடம்பெற்ற 98 சொத்துடைமையாளர்களுள் அவர் 15ஆம் இடத்தில் இருந்தார். ஊக்கமற்றவர் என்ற சித்திரத்தோடு இது பொருந்தவில்லை.

இழப்புகளுக்கான காரணம் ஆளிடத்தில் அன்று, நில அளவை முறையிலேயே இருந்தது. கென்டக்கியில் மரம், பாறை, ஓடை வளைவு ஆகியவற்றை எல்லையாகக் கொண்டு தனியாரே நிலத்தைத் தேர்ந்து அளந்தனர். ஒரே நிலத்தின் மீது பல உரிமைகள் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. இந்தியானாவிலோ 1785ஆம் ஆண்டு நிலக் கட்டளைச் சட்டத்தின்படி அரசே சதுரங்களாக முன்னதாக அளந்து விற்றது. தாமஸ் 1816 டிசம்பரில் அங்குக் குடிபெயர்ந்து, 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கரைப் பதிந்தார். அதில் பாதியை ஒப்படைத்து, எஞ்சிய 80 ஏக்கருக்கு 1827இல் பட்டா பெற்றார். இக்குடிபெயர்வு ஒருபுறம் அடிமைமுறை பற்றியது. ஆனால் பெரிதும் கென்டக்கி நில உரிமைச் சிக்கலால் நேர்ந்தது என்று மகன் எழுதியதை ஆவணங்கள் உறுதிப்படுத்துகின்றன.

ஆவணத்தின் மௌனம்

இப்பதிவுகள் எல்லாரையும் காட்டுவதில்லை. மணமான பெண்கள் வரிப்பட்டியலில் இடம்பெறவில்லை. கைம்பெண்ணாகிக் குடும்பத் தலைமை ஏற்றபோதே அவர்கள் பெயர் தோன்றுகிறது. அடிமைப்படுத்தப்பட்டோர் பெயரின்றி எண்ணிக்கையாக மட்டும் குதிரைகளுக்கு முந்திய பத்தியில் நிற்கின்றனர். ஷானி முதலான பூர்வகுடிகளின் நிலத்தொடர்புக்கு அளவை ஏடுகளில் பத்தியே இல்லை. லாங் ரன் ஏட்டில் பெயர் பெற்ற நிலத்திற்காகவே ஒருவர் உயிரிழந்தார் எனில், அந்நிலத்தின் முந்தைய உரிமையை ஏடு மறைத்தது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

முடிவுரை

அகப்படாத மூதாதையர் என்போர் பெரும்பாலும் ஆவணத்தில் இல்லாதவர் அல்லர். வேறொரு எழுத்து வடிவிலும், வேறொரு கவுண்டியிலும் இருப்பவர். அளவைப் பதிவு ஒரு நாளைத் தருகிறது; வரிப்பட்டியல் ஓர் ஆளை இடத்தோடு பொருத்துகிறது; வாரிசுச் சட்டம் ஒருவரின் வறுமைக்குக் காரணத்தை விளக்குகிறது. தனித்தனியே வறண்ட பதிவுகளாகத் தோன்றும் இவை ஒன்றுசேரும்போது, அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு மனிதர் மீது சுமத்தப்பட்ட பழியைத் திருத்தும் வலிமை பெறுகின்றன.